பிள்ளைக்கு மலம் இறுகிப் போனால்: வீட்டில் செய்ய வேண்டியதும் செய்யவே கூடாததும்

இரண்டு, மூன்று வயதுப் பிள்ளை நன்றாக விளையாடிக்கொண்டே இருக்கும், திடீரென்று எழுந்து கதவுக்குப் பின்னாலோ கட்டில் ஓரத்திலோ போய் நின்றுகொள்ளும். கால் இரண்டையும் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் எக்கி, பிட்டத்தை இறுக்கி, முகமெல்லாம் சிவந்து, ஜன்னல் கம்பியையோ நம் சேலையையோ கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பார்க்கிறவர்கள் எல்லாரும் "பாவம், முக்குது, வரமாட்டேங்குது" என்பார்கள். அது முக்கவில்லை. தானாக வருகிற மலத்தை வெளியே விடாமல் அடக்கிக்கொண்டிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கத் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும், பிள்ளையைத் திட்டவும் மனசு வராது.

நடப்பது இதுதான். காய்ச்சல் வந்து சரியாகச் சாப்பிடாத நாட்களிலோ, குலதெய்வம் கோயிலுக்குப் போய் இரண்டு நாள் தங்கி, கண்ட இடத்தில் போக மாட்டேன் என்று அடக்கி வைத்தபோதோ, மலம் ஒரு தடவை கெட்டியாகிப் போயிருக்கும், வலித்திருக்கும். சின்னப் பிள்ளைக்கு ஒரு தடவை வலித்தாலே போதும். அடுத்த முறை வயிறு கலக்கும்போதே பயந்து அடக்கும். உள்ளே தங்கிய மலத்திலிருந்து பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் அது இன்னும் இறுகும், இன்னும் பருமனாகும், வெளியே வரும்போது முன்னைவிட அதிகமாக வலிக்கும், பயமும் கூடும். இப்படியே மாதக்கணக்கில் போனால் மலக்குடல் விரிந்து கொடுத்து, நிறைந்திருக்கிறது என்ற உணர்வே மங்கிவிடும். குழந்தைகளுக்கு வரும் மலச்சிக்கலில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் இந்த வகைதான், குடலில் வேறு நோய் எதுவும் இருக்காது.

அதனால் நம் வேலை இன்றைக்கு எப்படியாவது வெளியே எடுத்துவிடுவது இல்லை. மலம் தொடர்ந்து இளகலாக இருக்கும்படி பார்த்துக்கொண்டு, வலித்ததைப் பிள்ளை மறக்கும்வரை பொறுத்திருப்பது. அதற்கு வாரக்கணக்கிலும் ஆகும், பெரும்பாலும் மாதக்கணக்கில் ஆகும். முதலிலேயே இதை வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி வைத்துவிடுங்கள், இல்லையென்றால் மூன்றாம் நாளே அப்பத்தா ஒரு வைத்தியம், அம்மாச்சி ஒரு வைத்தியம் என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

எது மலச்சிக்கல், எது இல்லை

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை, ஒன்றரை மாதத்துக்குப் பிறகு, நான்கைந்து நாள், சில நேரம் ஒரு வாரம்கூடப் போகாமல் இருக்கும். நன்றாகப் பால் குடிக்கிறது, எடை ஏறுகிறது, வயிறு உப்பவில்லை, போகும்போது இளகலாகப் போகிறது என்றால் அது மலச்சிக்கலே இல்லை, எதுவும் கொடுக்க வேண்டாம். கைக்குழந்தைகள் சிலது போவதற்கு முன்னால் பத்து இருபது நிமிஷம் முகம் சிவந்து வீறிட்டு அழும், அப்புறம் பார்த்தால் மலம் தளர்வாகத்தான் இருக்கும். வயிற்றை அழுத்துவதையும் கீழே தளர்த்துவதையும் ஒரே நேரத்தில் செய்ய அதற்கு இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். மாதம் ஏற ஏறத் தானாகச் சரியாகிவிடும். அந்த நேரத்தில் ஆசனவாயில் எதையாவது வைத்துத் தூண்டிவிட்டால், பிள்ளை தானாகப் பழக வேண்டியதைப் பழகாமல் அந்தத் தூண்டலையே எதிர்பார்க்க ஆரம்பித்துவிடும்.

பெரிய பிள்ளைகளுக்கு நாள் கணக்கை மட்டும் பார்க்காதீர்கள். வாரத்துக்கு இரண்டு தடவையோ அதற்கும் குறைவாகவோ போவது, ஆட்டுப் புழுக்கை போல உருண்டை உருண்டையாக வருவது, கக்கூஸ் அடைக்கிற அளவுக்குப் பருமனாக வருவது, போகும்போது அழுவது, நான் சொன்ன மாதிரி கால் பின்னி நிற்பது, இதில் இரண்டு சேர்ந்து ஒரு மாதமாக இருந்தால் மலச்சிக்கல்தான். தினமும் போகிற பிள்ளைக்கும் இருக்கலாம், கொஞ்சம் கொஞ்சமாகப் போய் மிச்சம் உள்ளேயே தேங்கி நிற்கும்.

இன்னொன்று பலரையும் ஏமாற்றிவிடும். ஜட்டியில் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கறை படுகிறது, தண்ணியாக ஒழுகுகிறது, ஆனால் பிள்ளை உட்கார்ந்து முழுதாகப் போவதில்லை. வீட்டில் வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதற்கு மருந்து கொடுப்பார்கள், அல்லது இவ்வளவு வளர்ந்தும் ஜட்டியிலேயே போகிறான் என்று அடிப்பார்கள். உள்ளே கெட்டியாக அடைத்து நிற்கும் மலத்தைச் சுற்றிக்கொண்டு மேலே இருக்கும் தண்ணி மலம் கசிகிறது. பிள்ளைக்கு அது வருவதே தெரியாது. தெரியாமல் நடப்பதற்கு அடி வாங்கும் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. தயவுசெய்து அடிக்காதீர்கள், டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

பால் எவ்வளவு குடிக்கிறது என்று பாருங்கள்

ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு மலம் இறுகுகிறது என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது பாலைத்தான். காலையில் ஒரு டம்ளர், சாப்பிடவில்லையே என்று பத்து மணிக்கு ஒன்று, தூங்கப் போகுமுன் பாட்டிலில் ஒன்று, நடுராத்திரி சிணுங்கினால் இன்னொன்று. எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 500 மில்லிக்கு மேல் போகக் கூடாது. ஆவின் அரை லிட்டர் பாக்கெட் ஒன்று முழுக்க ஒரே பிள்ளைக்குப் போகிறதென்றால் எல்லையைத் தொட்டாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலில் நார்ச்சத்து கிடையாது. வயிற்றை நிரப்பிவிடுவதால் பிள்ளை சோறும் காயும் தொடாது, இரும்புச்சத்தும் குறையும். பால்தான் சத்து என்ற நம்பிக்கையில் நல்ல மனசோடு கொடுப்பதுதான், ஆனாலும் குறைக்கத்தான் வேண்டும். ராத்திரிப் பாட்டிலில் ஆரம்பியுங்கள், நான்கு நாள் அழும், பிறகு பசியோடு எழுந்து காலையில் நன்றாகச் சாப்பிடும். வெயிலுக்குக் குளிர்ச்சி என்று ஜிகர்தண்டா, ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தால் அதையும் பால் கணக்கிலேயே சேருங்கள். சில பிள்ளைகளுக்குப் பசும்பால் ஒவ்வாமையாலும் மலம் இறுகும், ஆனால் அதை டாக்டர் சொல்லித்தான் முழுக்க நிறுத்த வேண்டும்.

மாவுப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு, டப்பாவில் போட்டிருக்கிற அளவுக்கு மேல் ஒரு கரண்டி மாவுகூடச் சேர்க்க வேண்டாம். கெட்டியாகக் கொடுத்தால் பிள்ளை தேறும் என்பார்கள், மலம்தான் இறுகும்.

தண்ணீர்

ஆறு மாதம்வரை தண்ணீரே வேண்டாம், மதுரை வெயிலாக இருந்தாலும் தாய்ப்பாலே போதும், அடிக்கடி கொடுங்கள். ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குப் பாலும் மோரும் ரசமும் சாப்பாட்டில் இருக்கிற தண்ணீரும் எல்லாம் சேர்த்து நாளைக்கு சுமார் 1.3 லிட்டர், நான்கிலிருந்து எட்டு வயதுக்கு சுமார் 1.7 லிட்டர் தண்ணீர் உள்ளே போக வேண்டும். இது பொதுக் கணக்கு. சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடும் நாளில் வெளியே ஓடி விளையாடுகிற பிள்ளைக்கு இன்னும் கூடுதலாக வேண்டும், சிறுநீர் வெளிறிய நிறத்தில் போகிறதா என்று பார்த்துக்கொள்வது எளிய வழி. அதற்காகத் தேவைக்கு மேல் சொம்பு சொம்பாகக் குடிக்க வைத்தாலும் மலம் இளகிவிடாது, அது சிறுநீராகப் போய்விடும். தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் விஷயம். குடிக்க மாட்டேன் என்கிற பிள்ளைக்கு நீர்மோர், இளநீர், நுங்குக் காலத்தில் நுங்கு, தர்ப்பூசணி என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

சாப்பாட்டில் என்ன மாற்றலாம்

காலையில் இட்லி, மதியம் பருப்புசாதம், சாயங்காலம் பிஸ்கட், ராத்திரி தோசை. நம் வீடுகளில் முக்கால்வாசிப் பிள்ளைகளின் சாப்பாடு இதுதான், நார்ச்சத்து மிகக் குறைவு. இதையெல்லாம் தூக்கிப் போடச் சொல்லவில்லை. இட்லி தோசைக்குச் சட்னிக்குப் பதில் காய் நிறையப் போட்ட சாம்பார், மாவில் பாதி கேப்பை மாவு, பருப்புசாதத்தில் கடைந்த கீரை, பிஸ்கட் இடத்தில் பழமோ அவித்த சீனிக்கிழங்கோ, இவ்வளவுதான் மாற்றம். குதிரைவாலி, வரகு, சாமை எல்லாம் உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் விளைவதுதான், சோறாகவே வடித்துக் கொடுக்கலாம், அரிசியோடு பாதிப் பாதி கலந்து ஆரம்பித்தால் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது.

எவ்வளவு நார்ச்சத்து வேண்டும் என்பதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு, வயதோடு ஐந்தைக் கூட்டினால் வருகிற கிராம். மூன்று வயதுக்கு 8 கிராம். 100 கிராம் கொய்யாவிலேயே 5 கிராமுக்கு மேல் இருக்கிறது. பழனிப் பக்கத்து ஆயக்குடி கொய்யா மதுரையில் தள்ளுவண்டிகளிலேயே கிடைக்கும், நன்றாகக் கனிந்ததாகப் பார்த்து வாங்கி, சின்னப் பிள்ளைக்கு மசித்துக் கொடுங்கள். பப்பாளி நல்லது. வாழைப்பழம் கனிந்ததாக இருக்கட்டும், பச்சை வாடை போகாத பழம் சிலருக்கு இறுக்கிவிடும். சீசனில் கொடைக்கானல் பேரிக்காயும் பிளம்ஸும் வரும்போது விடாமல் வாங்குங்கள், அவற்றில் சார்பிட்டால் என்ற இயற்கையான இனிப்பு இருக்கிறது, குடல் அதை முழுதாக உறிஞ்சாது, அது தண்ணீரையும் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்வதால் மலம் இளகும். பேரிக்காயைத் தோலோடு அவித்து மசித்தால் ஏழெட்டு மாதக் குழந்தைக்கே கொடுக்கலாம். கிஸ்மிஸை ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் பிசைந்து அந்தத் தண்ணீரோடு கொடுப்பது நம் வீடுகளில் காலங்காலமாகச் செய்வதுதான், செய்யலாம். பழத்தை ஜூஸ் போட்டு வடிகட்டினால் நார் சல்லடையில் தங்கிவிடும், முழுப்பழம்தான் வேண்டும்.

நார்ச்சத்தைக் கூட்டும்போது தண்ணீரையும் கூட்டுங்கள், ஒரே நாளில் கூட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக. முழு நிலக்கடலை, முழு சுண்டல், முழு திராட்சை நான்கு வயதுக்குள் கொடுக்க வேண்டாம், தொண்டையில் அடைக்கும்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், சாப்பாடும் தண்ணீரும் மலச்சிக்கல் வராமல் தடுக்கத்தான் பெரிதும் உதவும். ஏற்கெனவே அடைத்துப்போய், பயந்து அடக்குகிற பிள்ளைக்குக் கீரையும் கொய்யாவும் மட்டும் போதாது. இன்னும் ஒரு மாதம் பார்ப்போம் என்று பழத்திலேயே ஓட்டாதீர்கள்.

உட்கார வைக்கும் முறை

நம் அம்மாமார் கைக்குழந்தைக்குச் செய்வார்களே, தரையில் உட்கார்ந்து காலை நீட்டி, இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்து, அதன்மேல் பிள்ளையை உட்கார வைத்து, முதுகைத் தன் கணுக்காலில் சாய்த்துக்கொள்வார்கள். பிள்ளையின் முழங்கால் இடுப்பைவிட உயர்ந்து, தொடை வயிற்றில் அழுந்தி, பாதம் ஊன்றி, உடம்பு தளர்ந்திருக்கும். மலக்குடல் நேராகி, சுற்றியிருக்கும் தசை தளர்வதற்கு இதைவிட நல்ல நிலை கிடையாது. பிள்ளை பெரிதானாலும் இதே நிலையைத்தான் உண்டாக்கித் தர வேண்டும்.

வெஸ்டர்ன் டாய்லெட்டில் பிள்ளையைத் தூக்கி வைத்தால் கால் அந்தரத்தில் தொங்கும், விழுந்துவிடுவோமோ என்று உடம்பை இறுக்கிக்கொள்ளும், இறுக்கினால் மலம் எங்கே வரும்? பாதம் முழுதாக ஊன்றி முழங்கால் உயரும்படி ஒரு முக்காலியோ மணையோ போடுங்கள், மேலே குழந்தைக்கான சின்ன வளையம் ஒன்று வையுங்கள். இந்தியன் டாய்லெட் பெரியவர்களுக்கு அருமையான நிலைதான், ஆனால் மூன்று வயதுப் பிள்ளைக்குக் கால் வைக்கும் இடம் அகலமாகவும் குழி பயமாகவும் இருக்கும். ஐந்து வயதுவரை தரையில் வைக்கிற, பிள்ளைகளுக்கான சின்ன மலத்தொட்டியே (பாட்டி சீட்) போதும், ஹாலில் ஒரு ஓரமாக வைத்தாலும் தப்பில்லை.

நேரம் முக்கியம். வயிற்றுக்குள் சாப்பாடு போனதும் பெருங்குடல் தானாகவே அசைய ஆரம்பிக்கும், அதனால் சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் ஐந்து நிமிஷம், அதிகமாகப் போனால் பத்து நிமிஷம் உட்கார வையுங்கள். காலையும் ராத்திரியும் சாப்பாட்டுக்குப் பிறகு, தினமும் அதே நேரத்தில். போனாலும் போகாவிட்டாலும் உட்கார்ந்ததற்கே பாராட்டுங்கள். கையில் ஒரு பலூனோ பீப்பியோ கொடுத்து ஊதச் சொல்லுங்கள், ஊதும்போது வயிறு தானாக அழுந்தும், கீழே தளரும். போன் கொடுக்காதீர்கள், வயிறு சொல்வதைப் பிள்ளை கவனிக்க வேண்டும். தினசரிக் காலண்டரில் கிழிக்கிற தாளிலேயே எப்போது போனது, எப்படிப் போனது, வலித்ததா என்று ஒரு வரி எழுதித் தாளைச் சேர்த்து வையுங்கள், பின்னால் டாக்டருக்குக் காட்ட உதவும்.

டாய்லெட் பழக்குகிற நேரத்தில் அடக்க ஆரம்பித்துவிட்டால், பழக்குவதை நிறுத்திவிட்டு டயப்பரையே திரும்பப் போட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை இரண்டு வயதிலேயே பழகிவிட்டதே என்று ஒப்பிட வேண்டாம். மலம் இளகி, பயம் போய், ஒன்றிரண்டு மாதம் கழித்து மறுபடி ஆரம்பிக்கலாம்.

பள்ளிக்கூடம் போகிற பிள்ளை

ஏழரைக்கு வேன் வந்துவிடும் என்று ஏழு மணிக்கு எழுப்பி, பல் தேய்த்து, குளிப்பாட்டி, வாயில் திணித்து அனுப்பினால் பிள்ளைக்குப் போவதற்கு நேரம் எங்கே இருக்கிறது? பள்ளியில் கக்கூஸ் நாறுகிறது என்று அடக்கும். அங்கே போக வேண்டி வருமே என்று தண்ணீரும் குடிக்காது, பாட்டில் நிறைந்தபடியே வீடு திரும்பும். இதுதான் ஆரம்பம். அரை மணி முன்னால் எழுப்பப் பாருங்கள், முடியவில்லையென்றால் சாயங்காலம் வந்து ஏதாவது சாப்பிட்டதும் உட்கார வையுங்கள், அந்த நேரமும் நல்ல நேரம்தான். மிஸ்ஸிடம் நேரில் பேசி, கேட்டதும் விடும்படி சொல்லுங்கள். பிள்ளையிடமும் தனியாகக் கேளுங்கள், கதவு தாழ்ப்பாள் இல்லை, மற்ற பிள்ளைகள் எட்டிப் பார்க்கிறார்கள் என்று நமக்குத் தெரியாத காரணம் இருக்கும்.

மருந்து

இரண்டு வாரம் இதையெல்லாம் செய்தும் மாறவில்லை, அல்லது பிள்ளை வலியில் அழுகிறது, கசிகிறது என்றால் குழந்தை டாக்டரிடம் போய்விடுங்கள். பொதுவாக லாக்டுலோஸ் சிரப், அல்லது தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடர் எழுதுவார்கள். இரண்டும் குடலில் தண்ணீரைப் பிடித்து வைத்து மலத்தை இளக்குபவை. அடைத்துப்போன மலம் இருந்தால் முதல் சில நாள் அதிக அளவு கொடுத்து அதை வெளியேற்றுவார்கள், அந்த நாட்களில் கசிவு கூடலாம், பயப்பட வேண்டாம். பிறகு அளவைக் குறைத்துத் தொடர வேண்டும், குறைந்தது இரண்டு மாதம், அதிலும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஒரு மாதம் கழிந்த பிறகுதான் மெல்ல மெல்லக் குறைப்பார்கள்.

இங்கேதான் நிறையப் பேர் இடறுகிறார்கள். பத்து நாள் நன்றாகப் போனதும் "மருந்துக்குப் பழகிவிடும்" என்று நிறுத்திவிடுவார்கள். இந்த மருந்துகளுக்குக் குடல் அடிமையாகாது. விரிந்த மலக்குடல் பழைய அளவுக்குத் திரும்பவும், பிள்ளையின் பயம் போகவும் அவகாசம் வேண்டும், அதற்குள் நிறுத்தினால் ஒரே ஒரு கெட்டி மலம் போதும், எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். அளவையும் நாளையும் டாக்டர் சொல்லட்டும், போனமுறை எழுதியதையோ அக்கா பிள்ளைக்கு எழுதியதையோ மெடிக்கலில் வாங்கிக் கொடுக்காதீர்கள். இரும்புச்சத்து டானிக், சில இருமல் மருந்துகள்கூட மலத்தை இறுக்கலாம், நீங்களாக நிறுத்தாமல், கொடுக்கிறீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

மலத்தின் மேல் கோடு போல பளிச்சென்ற ரத்தம் இருந்தால் ஆசனவாயில் கீறல் விழுந்திருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் இடுப்பு மூழ்க உட்கார வைத்தால் வலி தணியும், டாக்டரிடமும் காட்டிவிடுங்கள்.

செய்யவே கூடாதவை

வெற்றிலைக் காம்பை எண்ணெயில் தோய்த்து வைப்பது, சோப்புத் துண்டைச் சீவி வைப்பது. நம் ஊரில் இன்றைக்கும் நடக்கிறது, உடனே போய்விடுவதால் பெரியவர்களுக்கு அதில் நம்பிக்கை. காம்பு உள்ளே கீறிவிடும், சோப்பு மென்மையான தோலை எரித்துப் புண்ணாக்கும், ஏற்கெனவே பயந்திருக்கும் பிள்ளையைக் காலைப் பிடித்து அமுக்கி இதைச் செய்தால் அந்தப் பயம் எத்தனை மாதம் போகாது என்று யோசியுங்கள். மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குள் போகலாம், வயிற்றையும் முறுக்கிவிடும். ஒரு வயதுக்குள் தேன் நாக்கில்கூடத் தடவக் கூடாது, பொட்டுலிசம் என்ற கடுமையான நச்சுப் பாதிப்பு வரலாம். வயிற்றில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று தொக்கம் எடுப்பது, குடல் தட்டுவது போன்ற நாட்டு முறைகளுக்குக் கூட்டிப் போவதும் வேண்டாம். எனிமா, மலவாயில் வைக்கும் மருந்து எல்லாம் டாக்டர் சொன்னால் மட்டும். பெரியவர்களிடம் சண்டை போடாமல், "டாக்டர் இதை வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கத்தை, நீங்க வயித்துல எண்ணெய் தேய்ச்சு விடுங்க" என்று வேறு வேலை கொடுங்கள். வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெய் தொட்டு, தொப்புளைச் சுற்றிக் கடிகார முள் சுற்றும் திசையில் மெல்லத் தேய்ப்பதும், கைக்குழந்தையின் கால்களைச் சைக்கிள் ஓட்டுவது போல மடக்கி நீட்டுவதும் கெடுதல் இல்லாதவை, பிள்ளைக்கும் இதமாக இருக்கும்.

எப்போது காத்திருக்கக் கூடாது

பிறந்து 48 மணி நேரத்துக்குள் கருமலம் போகாத குழந்தை, முதல் மாதத்திலேயே மலச்சிக்கல் ஆரம்பித்த குழந்தை, எடை ஏறாத பிள்ளை, நாடா போல மெல்லியதாக மலம் போகும் பிள்ளை, கால் பலவீனமாக இருக்கிற அல்லது முதுகின் அடியில் குழியோ முடிக்கற்றையோ இருக்கிற பிள்ளை, இவர்களுக்கு வீட்டு வழி எதையும் முயலாமல் நேரே காட்ட வேண்டும். குடலில் நரம்பு வளராமல் போவது, தைராய்டு குறைவு போன்றவை இருக்கலாம், சிலதற்கு அறுவை சிகிச்சை தேவைப்படும். வயிறு வீங்கி இறுகி, பச்சையாக வாந்தி எடுத்தால், அல்லது காய்ச்சலோடு சோர்ந்து படுத்தால், அல்லது மலத்தில் ரத்தம் நிறையப் போனால் ராத்திரி என்றும் பார்க்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். மதுரை பெரியாஸ்பத்திரியில், அதாவது அரசு இராஜாஜி மருத்துவமனையில், குழந்தைகள் நலப் பிரிவும் குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவும் இருக்கின்றன. அவசரமில்லாத சந்தேகத்துக்கு 104-ல் கேட்கலாம்.

டாக்டரிடம் போகும்போது பிறந்து எப்போது முதல் மலம் போனது, எந்த மாதத்தில் தொந்தரவு ஆரம்பித்தது, நாளைக்கு எத்தனை மில்லி பால், இதுவரை வீட்டில் என்னென்ன கொடுத்தீர்கள், வைத்தீர்கள் என்று ஒன்று விடாமல் சொல்லுங்கள், திட்டுவார்களோ என்று வெற்றிலைக் காம்பை மறைக்க வேண்டாம். மலம் கழித்ததைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தால் அதையும் காட்டுங்கள், டாக்டர்கள் யாரும் அதற்கு முகம் சுளிக்க மாட்டார்கள், வாயால் சொல்வதைவிட அவர்களுக்குச் சட்டென்று விளங்கும்.